பட்டினி கிடக்கும் பாம்பும் பசி அடங்காத பாம்பும்

கேள்வி: வீட்டில் இரண்டு பாம்புகள் வளர்க்கிறேன், தனித்தனிப் பெட்டிகளில். ஒன்று பால் பைத்தான் (ball python) வகை; ஆண், இரண்டரை வயது. ஒன்பது வாரமாக எதையும் தொடவில்லை. கடைசியாகச் சாப்பிட்டபோது 1,150 கிராம் இருந்தது, இப்போது 1,100. மூன்று நாளுக்கு ஒருமுறை உறைந்த எலியை இளக்கி நீட்டிப் பார்க்கிறேன், தலையைத் திருப்பிக்கொள்கிறது. போன வாரம் உயிருள்ள சுண்டெலி ஒன்றை இரவு முழுக்க உள்ளே விட்டேன். காலையில் பார்த்தால் இரண்டும் ஆளுக்கொரு மூலையில் இருந்தன. மற்றது நான்கு வயதுப் பெண் கார்ன் ஸ்நேக். அதனால் எந்தத் தொல்லையும் இல்லை. ஐந்து நாளுக்கு ஒருமுறை இரண்டு பெரிய சுண்டெலி கொடுக்கிறேன். அப்படியும் பெட்டி அருகே போனாலே கண்ணாடியில் ஏறி நிற்கும். நீளம் 120 செ.மீ., எடை 820 கிராம். முதல் பாம்புக்கு வாயைத் திறந்து ஊட்டிவிடலாமா? ஒழுங்கான உணவு அட்டவணை ஒன்று தர முடியுமா? அடுத்த மாதம் 12 நாள் ஊரில் இருக்க மாட்டேன். அப்போது யார் உணவு கொடுப்பது என்ற கவலையும் சேர்ந்துகொண்டது.

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

ஊட்டாதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் பிறகு பேசலாம். நலமாக இருந்து, தானாக உணவை ஒதுக்கும் பாம்பின் வாயைப் பிளந்து எலியைத் திணிப்பதால் பல் உடையும், ஈறு கிழியும், உணவுக்குழாய் காயப்படும். கூடவே, எலியின் வாசனை வந்தாலே பயப்படவும் பாம்பு கற்றுக்கொள்ளும். உயிர் போகும் நிலையில் மருத்துவர் செய்ய வேண்டிய வேலை அது. உங்கள் பாம்பு அந்த நிலைக்கு அருகில்கூட இல்லை.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பட்டினி கிடக்கும் பாம்பைப் பற்றி விரிவாக எழுதிவிட்டு, மற்றதை "எந்தத் தொல்லையும் இல்லை" என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். என்னைக் கவலைப்பட வைத்தது அந்த ஒரு வரிதான். இருந்தாலும் நீங்கள் கேட்ட வரிசையிலேயே வருகிறேன்.

பால் பைத்தான் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் மலைப்பாம்பு வகை. (பெயரில் உள்ள பாலுக்கும் குடிக்கிற பாலுக்கும் தொடர்பில்லை. பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்துபோலச் சுருண்டுகொள்வதால் வந்த பெயர். இதைக் கேட்காத புது வாடிக்கையாளர் அபூர்வம்.) வளர்ப்புப் பாம்புகளிலேயே உண்ணாவிரதத்துக்குப் பேர்போனது இதுதான். இனப்பெருக்கப் பருவம் வந்தால் ஆண்களில் பல உணவை அடியோடு நிறுத்திவிடும். முட்டையைச் சுற்றிப் படுத்து அடைகாக்கும் பெண்ணும் ஏறக்குறைய இரண்டு மாதம் அப்படியே கிடக்கும். நன்றாக வளர்ந்த ஆண் ஒன்று நான்கு, ஐந்து மாதம் சாப்பிடாமல் இருந்துவிட்டு, ஒருநாள் ஒன்றும் நடக்காததுபோல எலியைக் கவ்விக்கொள்வது என் தொழிலில் புதிய செய்தியே அல்ல. உங்களுடையது ஆண், இரண்டரை வயது, ஆயிரம் கிராமைத் தாண்டியது. பருவத்துக்கு வந்துவிட்ட பாம்பு.

நாம் மூன்று வேளை சாப்பிடுகிறவர்கள். ஒருவேளை தவறினாலே தலை சுற்றும். அந்தக் கணக்கை வைத்து ஒன்பது வாரத்தைப் பார்த்தால் நெஞ்சு பதறத்தான் செய்யும். நம் உடல் தன்னைச் சூடாக வைத்துக்கொள்வதற்கே உணவின் பெரும்பகுதியை எரிக்கிறது. பாம்புக்கு அந்தச் செலவு கிடையாது. அதிலும் பதுங்கியிருந்து எப்போதாவது பெரிய இரையைப் பிடிக்கும் மலைப்பாம்பு வகைகள் இன்னும் சிக்கனம். பர்மிய மலைப்பாம்பை வைத்து நடந்த ஆய்வுகளில் தெரியவந்த ஒன்றைச் சொல்கிறேன். இரை உள்ளே போன ஓரிரு நாளில் அதன் சிறுகுடல் ஏறக்குறைய இரு மடங்கு எடை கூடுகிறது. கல்லீரலும் சிறுநீரகமும் பெருக்கின்றன. ஆக்சிஜன் செலவு ஓய்வில் இருந்ததைவிடப் பல மடங்கு எகிறுகிறது. செரித்து முடிந்ததும் எல்லாம் மறுபடி சுருங்கிவிடுகின்றன. அடுப்பை அணைத்து, பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்த சமையலறை மாதிரி அந்த வயிறு அடுத்த இரை வரும் வரை கிடக்கும். "இரை விழுங்கிய மலைப்பாம்பு போல" என்று அசையாமல் கிடப்பவரைச் சொல்கிறோம். உண்மையில் அந்த உடல் கடுமையாக வேலை செய்யும் நேரமே அதுதான்.

சரி, எதை வைத்துப் பயப்படுவது? எடையை வைத்து. 1,150 கிராமிலிருந்து 1,100 என்றால் நூற்றுக்கு நான்கரைகூட இல்லை. அதிலும் ஒரு பகுதி வெறும் கழிவாக இருக்கலாம்; பெரிய பாம்பு வாரக்கணக்கில் மலத்தை உள்ளேயே வைத்திருக்கும். அதனால் மலம் கழித்த பிறகு எடுத்த எடையை, அதேபோல் மலம் கழித்த பிறகு எடுத்த எடையோடுதான் ஒப்பிட வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். அதற்கு மேல் வேண்டாம். நூற்றுக்குப் பத்து குறைந்தால், அதாவது உங்கள் பாம்பு 1,035 கிராமைத் தொட்டால், ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். எடை குறையாவிட்டாலும் காத்திருக்கக் கூடாத அறிகுறிகள் உண்டு: வாயைத் திறந்து மூச்சு விடுவது, மூக்கிலோ வாயிலோ குமிழி, ஈறு சிவந்து சீழ் பிடிப்பது, செதில்களுக்கு நடுவே மிளகைவிடச் சின்னதாக ஓடும் கருப்பு உண்ணிகள், தலையை மேல்நோக்கித் திருப்பியபடி தள்ளாடுவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அது நோன்பு அல்ல, நோய்.

இனி, அதன் பெட்டியைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. சாப்பிடாத பாம்பு என்று என்னிடம் வருகிறவர்களிடம் எலியைப் பற்றி நான் கடைசியில்தான் கேட்பேன். முதல் கேள்வி சூட்டைப் பற்றியது. பால் பைத்தானுக்குச் சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25 முதல் 27. கண்ணாடியில் ஒட்டிய வட்ட வெப்பமானி காட்டுவது கண்ணாடியின் சூடு. பாம்பு படுக்கும் தரையில் உணர்கம்பியை வைத்து அளந்து பாருங்கள். பல நேரம் நான்கைந்து டிகிரி வித்தியாசம் வரும். சூட்டுப்பாய் எதுவாக இருந்தாலும் தெர்மோஸ்டாட் இல்லாமல் ஓடக் கூடாது. உடலில் சூடு இல்லாவிட்டால் பாம்பால் செரிக்க முடியாது; செரிக்க முடியாததை விழுங்காமல் இருப்பது அதன் புத்திசாலித்தனம். ஈரப்பதம் நூற்றுக்கு 60-ஐ ஒட்டி இருக்கட்டும். இரண்டு பக்கமும் உடல் சுவரில் உரசும் அளவுக்கு இறுக்கமான மறைவிடம் ஒவ்வொன்று வையுங்கள். வெட்டவெளியில் படுத்திருக்கிற பால் பைத்தானுக்குத் தான் வேட்டைக்காரன் என்ற நினைப்பே வராது.

சட்டை உரிக்கும் நேரமா என்றும் பாருங்கள். கண் பால் படர்ந்து நீலம் பூத்தாற்போல் இருந்தால் பெரும்பாலான பாம்புகள் உணவைத் தொடாது. சட்டை கழற்றி ஓரிரு நாள் போகட்டும்.

மூன்று நாளுக்கு ஒருமுறை எலி நீட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். ஒவ்வொரு முறை மூடி திறப்பதும், முகத்துக்கு நேரே ஏதோ ஆடுவதும், அது சுருண்டுகொள்வதும் உங்களுக்கு அக்கறை, பாம்புக்குத் தொந்தரவு. இரண்டு வாரம் தண்ணீர் மாற்றுவது, அசுத்தம் எடுப்பது தவிரப் பெட்டிக்குள் கை போக வேண்டாம். பிறகு ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். வேண்டாமென்றால் இன்னும் இரண்டு வாரம்.

கொடுக்கும் விதத்திலும் கொஞ்சம் கைப்பழக்கம் இருக்கிறது. முந்தின நாளே உறைந்த எலியைக் காற்றுப் புகாத பையில் போட்டுக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் மூடிய டப்பாவுக்குள் வைத்து இளகவிடுங்கள். மாலை இருட்டியதும் பையோடு வெந்நீரில் வையுங்கள். கை தாங்கும் சூடு போதும், கொதிநீர் வேண்டாம், மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம். அதில் வெளிப்புறம் வெந்து நடுவில் பனிக்கட்டி நிற்கும், வயிறு வெடிப்பதும் உண்டு. கால் மணி நேரம் கழித்து எலியின் வயிற்றை இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள். உள்ளே கூழாங்கல் மாதிரி ஏதாவது தட்டுப்பட்டால் இன்னும் இளகவில்லை. முழுக்க மெத்தென்று இருந்தால் ஈரத்தைத் துடைத்துவிட்டு, தலைப் பகுதியை மட்டும் இன்னொரு நிமிடம் வெந்நீரில் காட்டி எடுங்கள். பால் பைத்தானின் மேலுதட்டில் வரிசையாகச் சின்னக் குழிகள் தெரியும்; வெப்பத்தை உணரும் குழிகள் அவை. இருட்டில் அதற்கு எலி என்பது ஒரு சூட்டுப் புள்ளி. உடலைவிடத் தலை சூடாக இருந்தால் எங்கே கவ்வ வேண்டும் என்று அதற்குத் தெளிவாகிவிடும். (கார்ன் ஸ்நேக்குக்கு இந்தக் குழிகள் இல்லை, அது நாக்கால் வாசனையை அள்ளியே வேலையை முடிக்கும்.)

நீளமான இடுக்கியால் எலியின் முதுகைப் பிடித்து, மறைவிடத்து வாசலில் ஒரு சாண் தள்ளிக் காட்டுங்கள். பொம்மலாட்டம் வேண்டாம். பாம்பு தலையை மெல்லத் தாழ்த்தி, கழுத்தை வளைத்து, நாக்கை நிதானமாக நீட்டி இழுத்தால் அப்படியே நில்லுங்கள், மூச்சுக்கூட மெதுவாக. தலை பின்னால் போனால் எலியை வாசலில் வைத்துவிட்டு விளக்கை அணைத்து அறையை விட்டு வெளியேறுங்கள். காலையில் கிடந்தால் எடுத்து எறியுங்கள். மறுபடி உறையவைத்துப் பயன்படுத்தக் கூடாது. எலியின் அளவு பாம்பின் உடலில் பருத்த இடத்தின் சுற்றளவை ஒத்திருந்தால் போதும். நோன்பை முடிக்கும் முதல் இரை அதைவிடச் சிறிதாக இருப்பது நல்லது.

உயிருள்ள சுண்டெலியை இரவு முழுக்க விட்டது எனக்குக் கோபம் தந்த ஒரே இடம். நீங்கள் தப்பித்தீர்கள், பாம்பும் தப்பித்தது. எல்லாரும் தப்பிப்பதில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் ஒருவர் தலையணை உறைக்குள் ஒரு பால் பைத்தானைக் கொண்டுவந்தார். "கொஞ்சம் சிராய்ப்பு" என்றார். உறையைப் பிரித்தால், முதுகின் நடுவே என் விரல் நீளத்துக்குச் செதிலும் இல்லை, தோலும் இல்லை. வெள்ளையாகத் தெரிந்தது முள்ளெலும்பின் முனை. பசியில்லாத பாம்பு அசையாமல் படுத்திருக்கிறது. பசித்த எலி இரவு முழுவதும் கிடைத்ததைக் கொறித்திருக்கிறது. பாம்பு ஏன் திருப்பிக் கடிக்கவில்லை என்று அவர் கேட்டார். வேட்டைக்கு எழாத பாம்பு எலியை எதிரியாகப் பார்ப்பதில்லை என்பதுதான் பதில். நான்கு மாதம் மருந்து கட்டி ஆறியது. தழும்பு வந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் சட்டை ஒட்டிக்கொள்ளும். எலியின் பக்கமிருந்து யோசித்தாலும் அந்த இரவு நல்ல இரவில்லை.

இப்போது கார்ன் ஸ்நேக்.

ஐந்து நாளுக்கு ஒருமுறை என்றால் ஆண்டுக்கு 73 முறை. முறைக்கு இரண்டு, ஆக 146 சுண்டெலி. அந்த வயதுப் பாம்புக்குப் பத்து முதல் பதினான்கு நாளுக்கு ஒரு வளர்ந்த சுண்டெலி போதும். பதினான்கு நாள் என்று வைத்தால் ஆண்டுக்கு 26. ஐந்து மடங்குக்கு மேல் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். 120 செ.மீ. நீளத்துக்கு 820 கிராம் என்பதைப் படித்தபோதே எனக்கு அதன் உருவம் கண்ணில் வந்துவிட்டது. இன்று மாலை நல்ல வெளிச்சத்தில் கையில் எடுத்துப் பாருங்கள். சும்மா இருக்கும்போதே செதில்களுக்கு நடுவே தோல் கோடு கோடாகத் தெரிகிறதா? உடலை மெல்ல வளைத்தால் உட்புறத்தில் மடிப்பு விழுகிறதா? மலத்துளைக்குப் பின்னால் வால் சீராகக் குறுகாமல், அங்கே திடீரென இடுப்பு வைத்ததுபோல் படிக்கட்டாக இறங்குகிறதா? விரலை முதுகில் ஓட்டினால் முள்ளெலும்பு லேசாகத் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படாமல் முதுகு நடுவில் பள்ளமாக இருந்தால் அது கொழுப்பு.

இந்தக் கொழுப்பு தோலுக்கடியில் மட்டும் தங்குவதில்லை. வயிற்றுக்குள் பட்டை பட்டையாக அடைந்து, கல்லீரலில் ஏறி, இதயத்தை நெருக்கும். பருத்த பாம்பு வெளியே எந்த நோயும் காட்டாது. நன்றாகச் சாப்பிடும், மலம் கழிக்கும், சட்டை உரிக்கும். ஒருநாள் உணவை நிறுத்தும். அப்போது கல்லீரல் கெட்டிருக்கும். பட்டினியால் எலும்பு தெரிய வந்த பாம்புகளை ஓரளவு தேற்றியிருக்கிறேன். அந்தக் கட்டத்தில் வந்த கொழுத்த பாம்புகளைக் காப்பாற்றியது குறைவு. "சாப்பிட மாட்டேன் என்கிறது" என்று ஓடிவருகிறவர்கள் ஏராளம். "நிறையச் சாப்பிடுகிறது" என்று ஒருவர்கூட வந்ததில்லை.

கண்ணாடியில் ஏறி நிற்கிறதே, பசி இல்லாமலா என்று கேட்பீர்கள். கார்ன் ஸ்நேக் தேடி அலைந்து இரை பிடிக்கும் பாம்பு. பொந்து பொந்தாக மோப்பம் பிடித்துத் திரிவதே அதன் பிழைப்பு. இருட்டியதும் சுற்றத்தான் செய்யும். மேலும், மூடி திறந்தால் சுண்டெலி வரும் என்று நீங்களே நான்கு ஆண்டாகக் கற்றுக்கொடுத்திருக்கிறீர்கள். கற்றதை ஒப்பிக்கிறது, அவ்வளவுதான். இனி மூடியைத் திறக்கும்போதெல்லாம் உணவு வர வேண்டாம். கையில் எடுக்கும் முன் காகிதச் சுருளால் உடலின் நடுவில் மெல்லத் தொடுங்கள். சில வாரத்தில் தொட்டால் கை, தொடாவிட்டால் இரை என்று பிரித்துப் பார்க்கப் பழகிவிடும். கடிபடாமல் இருக்கவும் இது உதவும். ஏறுவதற்கு உறுதியான கிளை ஒன்று, நுழைந்து தேட இலைச்சருகு, ஒளிய இன்னும் ஒன்றிரண்டு இடம் என்று கொடுத்தால் கண்ணாடி ஏறுவதும் குறையும்.

ஒரேயடியாகப் பட்டினி போட்டுவிடாதீர்கள். கொழுத்த பாம்பின் கல்லீரலுக்கு அதுவும் கெடுதல். முதல் மாதம் பத்து நாளுக்கு ஒருமுறை, ஒரே ஒரு சுண்டெலி, 25 முதல் 30 கிராமுக்குள். அடுத்த மாதத்திலிருந்து பதினான்கு நாள். மாதம் ஒருமுறை எடை பாருங்கள். மெல்ல இறங்க வேண்டும். ஓர் ஆண்டு பிடித்தாலும் பரவாயில்லை. அதற்கு முன் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். காரணம், அது பெண். ஆண் துணை இல்லாமலேயே கார்ன் ஸ்நேக் முட்டை சுமக்கும். உடலின் பின்பகுதியில் வரிசையாகக் கட்டி கட்டியாகத் தட்டுப்பட்டால் அது கொழுப்பு அல்ல, முட்டையாக இருக்கலாம். நடு உடலில் ஒரே இடத்தில் வீக்கமும் அடிக்கடி கக்குவதும் சேர்ந்து வந்தால் அது வேறு நோய். ஒட்டுண்ணிச் சோதனை வேண்டும்.

கக்குவது பற்றியும் ஒரு சொல். சாப்பிட்ட 48 மணி நேரத்துக்குப் பாம்பைத் தூக்காதீர்கள். வீட்டுக்கு வந்தவர்களுக்குக் காட்ட அதுதான் நேரம் என்று சிலர் நினைக்கிறார்கள். தூக்கினாலும், இரை பெரிதாக இருந்தாலும், சூடு போதாவிட்டாலும் அப்படியே வெளியே வந்துவிடும். அதோடு வயிற்று அமிலமும் வந்து தொண்டையைப் புண்ணாக்கும். கக்கிய அன்றே "ஐயோ, வயிறு காலி" என்று மறுபடி கொடுப்பது பெரிய தவறு. தண்ணீர் மட்டும் வைத்துப் பத்து முதல் பதினான்கு நாள் விடுங்கள். பிறகு வழக்கமானதில் பாதி அளவு இரை. இரண்டாம் முறையும் கக்கினால் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் கிளம்புங்கள்.

அட்டவணை கேட்டீர்கள். குட்டிக்கு ஐந்து முதல் ஏழு நாள், வளரும் பருவத்தில் ஏழு முதல் பத்து நாள், வளர்ந்த கார்ன் ஸ்நேக்குக்குப் பத்து முதல் பதினான்கு நாள், வளர்ந்த பால் பைத்தானுக்கு இரண்டு முதல் நான்கு வாரம். இவை புறப்படும் இடங்கள்தான். அதற்குப் பிறகு முதுகெலும்பும் வாலும் தராசும் சொல்வதைக் கேளுங்கள். சுவரில் ஒட்டும் அட்டவணையைவிட ஒரு பழைய நோட்டு உதவும்: தேதி, இரையின் எடை, எடுத்ததா இல்லையா, மலம், சட்டை, பாம்பின் எடை. மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டைக் கொண்டுபோனால் அவர் உங்களை வாழ்த்துவார். கால்சியம் பொடி, வைட்டமின் எதுவும் முழு எலி தின்னும் பாம்புக்குத் தேவையில்லை. எலும்பும் ஈரலுமாக எல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது. எலிக்குப் பதில் இறைச்சித் துண்டு கொடுப்பவர்களுக்குத்தான் சத்துக் குறைவு வரும்.

கை கழுவுவதைச் சொல்லாமல் விட்டால் என் தொழிலுக்கு நியாயமில்லை. சால்மொனெல்லா என்ற கிருமி பாம்பிலும் இருக்கலாம், எலியிலும் இருக்கலாம், உறையவைத்தால் சாவதில்லை. எலி இளக்கும் பாத்திரம் தனி, இடுக்கி தனி. சமையல் மேடையில் அந்த வேலை வேண்டாம், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் அருகில் வேண்டாம். ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குப் போகும் முன்னும் கழுவுங்கள். சுண்டெலி வாசனையோடு கை நீட்டினால் உங்கள் கார்ன் ஸ்நேக்குக்கு அது கையாகத் தெரியாது.

கடைசியாக, அந்த 12 நாள். யாரையும் உணவு கொடுக்கச் சொல்லாதீர்கள். பால் பைத்தான் எப்படியும் சாப்பிடப்போவதில்லை; கார்ன் ஸ்நேக்குக்குப் புறப்படுவதற்கு மூன்று நாள் முன்பு ஒரு சுண்டெலி கொடுத்துவிட்டால் திரும்பி வரும்வரை தாங்கும். அந்த மூன்று நாளில் கக்குகிறதா என்பதையும் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். வீட்டைப் பார்த்துக்கொள்ள வருகிறவருக்கு ஒரு சீட்டு எழுதி வையுங்கள்: தண்ணீரைத் தினமும் மாற்றவும், இரண்டு வெப்பமானியையும் பார்த்துக் குறிக்கவும், பெட்டிப் பூட்டைச் சரிபார்க்கவும், கண்ணாடியில் ஏறி நிற்கிற பாம்பு எவ்வளவு பாவமாகப் பார்த்தாலும் உறைபெட்டியைத் திறக்க வேண்டாம்.